அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் வீட்டார் அங்கே நடக்கும் காப்பீட்டுச் சண்டையைப் படிப்பது எப்படி

2017 மே 5, வெள்ளிக்கிழமை காலை. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களைப் படியில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே வந்து, "ஒபாமா இன்சூரன்ஸை ஒழித்துவிட்டார்களாமே, உன் மகன் இனி என்ன செய்வான்?" என்று கேட்டார். என் மகன் ஹூஸ்டனில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறான். நான்கு வயதிலிருந்து அவனுக்கு இளைப்பு. அந்த நோயோடு காப்பீடு இல்லாமல் அங்கே ஒரு மாதம் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு வருடம் செவிலியராக இருந்தவள் நான். மூச்சு முட்டும் பிள்ளையை மடியில் வைத்து விடியவிடிய உட்கார்ந்திருக்கிறேன்.

உடனே அழைத்தேன். அங்கே இரவு. "அம்மா, ஒரு சபையில்தான் ஓட்டு முடிந்திருக்கிறது. இன்னொரு சபை இருக்கிறது. போய்க் காபி குடியுங்கள்" என்றான். அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதில் எழுதிவைத்ததைத்தான், என்னைப்போல் வெளிநாட்டில் பிள்ளையை விட்டுவிட்டுத் தவிக்கும் பெற்றோருக்காக இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிள்ளை எந்தக் காப்பீட்டில் இருக்கிறான் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தில் வேலை என்றால் பெரும்பாலும் நிறுவனமே காப்பீடு எடுத்திருக்கும்; செய்திகளில் வரும் சண்டையில் பாதி அவனைத் தொடாது. 65 வயதானவர்களுக்கு மெடிக்கேர், வறியவர்களுக்கு மெடிக்கெய்டு. இரண்டும் 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு வந்தவை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி மாறிப்போகும். நான்காவது வகை, ஒபாமா சட்டத்தில் வந்த காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்குவது. ஐம்பது முழுநேர ஊழியர்களுக்குக் குறைவாக உள்ள முதலாளி காப்பீடு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் என் மகன் இந்த வகை. சண்டையின் சூடு முழுவதும் இங்கேதான்.

அடுத்தது பெயர். ஒபாமாகேர் என்பதும் அஃபோர்டபிள் கேர் ஆக்ட் என்பதும் ஒரே சட்டம், 2010 மார்ச் 23-இல் கையெழுத்தானது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி ஒருவரைக் காப்பீட்டு நிறுவனம் தள்ளக் கூடாது, அதற்காகக் கூடுதல் பணம் கேட்கவும் கூடாது என்று சொல்வது இந்தச் சட்டம்தான். எனக்கு அதில் இந்த ஒரு வரி போதும்.

நம் ஊரிலும் பெயர்ச் சண்டை நடந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பழைய அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஒரு பாட்டியிடம், இது இனிச் செல்லாது என்று நான்தான் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் மாறினாலும், ஏழைக்கு அரசு காப்பீடு தர வேண்டும் என்பதை இங்கே இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவில் அடிப்படையிலேயே பிளவு. 2010-இல் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த அந்தச் சட்டத்துக்கு, எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியில் ஒரு உறுப்பினர்கூட ஓட்டுப் போடவில்லை.

இனி முக்கியமான பாடம்: கூச்சலைக் கேட்காதீர்கள், ஓட்டை எண்ணுங்கள். அங்கே நாடாளுமன்றத்துக்கு இரண்டு சபை. பிரதிநிதிகள் சபையில் 435 பேர். எல்லோரும் வந்திருந்தால் 218 வேண்டும். செனட்டில் 100 பேர். அங்கே எதிர்த்தரப்பு விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கலாம். அதை முறியடிக்க 60 வேண்டும். ஆனால் வரவு செலவு சம்பந்தப்பட்டவற்றுக்கு ரீகன்சிலியேஷன் என்ற தனி வழி உண்டு. அதில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். சரிபாதியாகப் பிரிந்தால் துணை ஜனாதிபதி ஓட்டுப் போடலாம்.

இதைப் புரிந்துகொள்ளாதவரை எனக்குத் தலை சுற்றியது. 2025 ஜூலையில் மெடிக்கெய்டு செலவைக் குறைக்கும் பெரிய மசோதா செனட்டில் 50-50 என்று நின்று, துணை ஜனாதிபதி வான்ஸின் ஓட்டால் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் சந்தையில் காப்பீடு வாங்குவோருக்கு அரசு கூட்டிக் கொடுத்த மானியத்தை நீட்டிக்கும் மசோதாவுக்கு 51 பேர் ஆதரவு, 48 பேர் எதிர்ப்பு, அது தோற்றது. முன்னது ரீகன்சிலியேஷன் வழியில் போனது, பின்னதற்கு 60 தேவைப்பட்டது. செய்தி வந்ததும் இது எந்த வழி என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கைக்கு அர்த்தம்.

2009 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செனட்டில் 60-39 என்று ஒபாமாகேர் சட்டம் தேறியபோது, ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஒரு ஓட்டுகூட மிச்சம் இல்லை. அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் ஓர் இடம் பறிபோனது. அதனால் செனட் தேற்றியதை அப்படியே பிரதிநிதிகள் சபை 219-212 என்று ஏற்றுக்கொண்டு, திருத்தங்களை ரீகன்சிலியேஷனில் செய்தார்கள்.

என் நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கும் நாள் 2017 ஜூலை 28. வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. இங்கே காலை பதினொன்று. அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா, ரீகன்சிலியேஷன் வழியில். குடியரசுக் கட்சிக்கு 52 பேர் இருந்தார்கள். மூளைப் புற்றுநோய் என்று அந்த மாதம்தான் தெரிந்திருந்த செனட்டர் மெக்கேன் முன்னால் வந்து கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். அவரும், காலின்ஸ், மர்காவ்ஸ்கி என்ற இரண்டு பெண் செனட்டர்களும் சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட, 49-51 என்று அது விழுந்தது. பிற்பாடு அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தபோது, மருந்துத் தட்டை ஏந்தி நடந்த என் கை தானாகக் கும்பிட்டது.

மறுபக்கத்தையும் கேளுங்கள். காப்பீடு வாங்காதவருக்கு அபராதம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. பொருளை வாங்கு, இல்லாவிட்டால் அபராதம் என்று அரசு கட்டாயப்படுத்தலாமா என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். பிடித்த காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா வாக்குக் கொடுத்தும், 2013-இல் பலருக்கு ரத்துக் கடிதம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டாயத்தை மாசசூசெட்ஸில் 2006-இலேயே கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ராம்னி. அபராதத்தை 2017 டிசம்பர் வரிச் சட்டம் பூஜ்ஜியமாக்கிவிட்டது. 2019 முதல் அது இல்லை.

சட்டம் நிறைவேறியதும் நோட்டை மூடிவிடாதீர்கள். நீதிமன்றமும் மாநிலமும் பாக்கி இருக்கின்றன. 2012-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று சட்டத்தைக் காப்பாற்றியது; ஆனால் மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்றும் சொன்னது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலம் விரிவாக்கவில்லை. அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தும், பிள்ளை இல்லாத, உடல் ஊனமில்லாத ஒருவருக்கு மெடிக்கெய்டும் கிடையாது, சந்தை மானியமும் கிடையாது. கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் திட்டம் மாறுவதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வேறு மாநிலத்துக்கு வேலை மாறினால் முதலில் இதைக் கேளுங்கள்.

2021-இல் கூட்டிய மானியம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதை நீட்டிப்பதா என்ற சண்டையில்தான் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் மகனுக்குப் புதிய பிரீமியக் கடிதம் வந்தது. தொலைபேசியில் தொகையை வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். "பரவாயில்லை மக்களே, இன்ஹேலரை மட்டும் விட்டுவிடாதே" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதனால் வருடத்துக்கு ஒரு முறை இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாதப் பிரீமியம் எவ்வளவு, காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இந்தத் திட்டத்தில் இருக்கிறாரா. பிரீமியம் குறைவு என்று மயங்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டாவது தொகை அதில் பெரிதாக இருக்கும்.

சந்தையில் சேர்க்கை நவம்பர் 1-இல் தொடங்கும். டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால் ஜனவரி 1 முதல் காப்பீடு உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதுவரை நம் இரவு எட்டு மணி ஹூஸ்டனில் காலை ஒன்பதரை, அதன்பின் எட்டரை. ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும் முன் பிடித்துவிடலாம்.