டெட் தாக்குதலுக்குக் காலக்கோடு போடுவது எப்படி?

வியட்நாம் போரில் வட வியட்நாம் படையும் வியட் காங் கெரில்லாக்களும் தென் வியட்நாம் நகரங்கள் மீது நடத்திய பெரும் தாக்குதல்தான் டெட் தாக்குதல். 1968இல் அது தொடங்கிய நாள் எது என்று தேடினால் ஜனவரி 30 என்றும் வரும், 31 என்றும் வரும். இரண்டும் சரிதான். ஏன் சரி என்று தெரியாமல் காலக்கோடு வரைந்தால் முதல் வரியிலேயே சறுக்கும். அதனால் பென்சிலை எடுக்கும் முன் கடிகாரத்தைக் கவனியுங்கள்.

தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: சைகோன் (தென் வியட்நாம் தலைநகரம்) நேரம், ஹனோய் (வட வியட்நாம் தலைநகரம்) நேரம், வாஷிங்டன் நேரம், நிகழ்வு. அப்போது சைகோன் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால், ஹனோய் 7 மணி நேரம் முன்னால், வாஷிங்டன் 5 மணி நேரம் பின்னால். சைகோனுக்கும் வாஷிங்டனுக்கும் 13 மணி நேர வித்தியாசம். சைகோனில் அமெரிக்கத் தூதரகத்தின் மதில் தகர்க்கப்பட்டது 31ஆம் தேதி, புதன் அதிகாலை 2:47 வாக்கில். வாஷிங்டன் பத்தியில் அது 30ஆம் தேதி, செவ்வாய் பிற்பகல் 1:47. அமெரிக்கச் செய்திகளிலிருந்து தேதியை அப்படியே எடுப்பவர்கள் ஒரு நாள் முந்திவிடுவது இதனால்தான்.

அடுத்தது பஞ்சாங்கச் சிக்கல். டெட் என்பது சந்திரப் புத்தாண்டு; அமாவாசை நேரும் நாளே அதன் முதல் நாள். அந்த ஆண்டு அமாவாசை நேர்ந்த கணம் கிரீன்விச் கணக்கில் ஜனவரி 29 மாலை 4:29. ஹனோயில் அப்போது இரவு 11:29, இன்னும் 29ஆம் தேதி. சைகோனில் நள்ளிரவு தாண்டி 12:29, அதாவது 30. வடக்கு அந்த ஆண்டிலிருந்துதான் 7 மணி நேர மண்டலத்தை வைத்து நாள்காட்டியைக் கணித்தது. விளைவு: ஹனோயில் புத்தாண்டு 29, சைகோனில் 30. நா ட்ராங், பிளெய்கு, கொன்டும், பான் மே துவோட், டா நாங் போன்ற இடங்களில் 30 அதிகாலையே அடி விழுந்தது. சைகோன், ஹுவே உள்ளிட்ட பெரிய அலை மறுநாள். உத்தரவை ஒவ்வொரு பகுதியும் வேறு நாள்காட்டியில் பார்த்ததே காரணம் என்பது பரவலான விளக்கம். ஆனால் அது விளக்கம்தான். நிகழ்வுப் பத்தியில் எழுதாமல் ஓரத்தில் குறியுங்கள்.

டெட் பண்டிகைக்காக அறிவித்திருந்த போர்நிறுத்தம் 30ஆம் தேதி காலை ரத்தானதை விட்டுவிடாதீர்கள். தென் வியட்நாம் வீரர்கள் பெருமளவில் விடுப்பில் ஊர் போயிருந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க ஒரு நாள்கூட இல்லை.

இனி அளவு. ஒரு நாளுக்கு 1 செ.மீ. என்று வைத்தால் தூதரகச் சண்டை கால் செ.மீ. சொச்சம்தான், ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஹுவே நகரச் சண்டை 25 செ.மீ. ஜனவரி 21இல் தொடங்கிய, கே சான் அமெரிக்கப் படைத்தளத்தின் முற்றுகை 77 செ.மீ.; 42 செ.மீ. நீளமுள்ள ஏ3 தாளில் அடங்காது, இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் அதிகம் வந்ததால் தூதரகத்தைப் பெரிதாக வரையத் தோன்றும். அளவுகோல் அந்த ஆசையை அடக்கிவிடும்.

வரைபடத்தில் 30ஆம் தேதி ஊர்களுக்கு ஒரு நிறம், 31க்கு வேறு நிறம். முதல் நிறம் நடுக் கடற்கரையிலும் மேட்டுநிலத்திலும் திரளும். கே சானுக்குப் புள்ளி வேண்டாம், வளையம் போடுங்கள். ஹுவேக்குத் தனிப்படம் தேவை: நடுவே நறுமண ஆறு, வடகரையில் கோட்டை, தென்கரையில் புதிய நகரம். கோட்டையின் வடகிழக்கு மூலையில் தென் வியட்நாம் முதல் டிவிஷன் தலைமையகமும், தென்கரையில் அமெரிக்க ஆலோசகர் வளாகமும் விழவே இல்லை. இந்த இரண்டையும் குறிக்காவிட்டால் நகரம் எங்கிருந்து மீட்கப்பட்டது என்பதே புரியாது.

எண்களில் ஊர்க் கணக்கு ஓரளவு உறுதியானது: 44 மாகாணத் தலைநகரங்களில் 36, தன்னாட்சி நகரங்கள் 6இல் 5 தாக்கப்பட்டன. இறந்தோர் கணக்கு அப்படியல்ல. யார் எண்ணியது, எந்தத் தேதி வரை என்ற இரண்டும் இல்லாத எண்ணை ஏற்றாதீர்கள். பிப்ரவரியோடு நிற்கும் கணக்கும், மே, ஆகஸ்ட் அலைகளையும் சேர்த்த கணக்கும் அருகருகே வைக்கக்கூடியவை அல்ல.

கடைசியாக, அரசியல் விளைவுக்குத் தனி வரிசை. தாக்கியவர்கள் எதிர்பார்த்த மக்கள் எழுச்சி நடக்கவில்லை, பிடித்த நகரங்களும் அவர்கள் கைவிட்டுப் போயின. அது போர்க்கள வரிசை. பிப்ரவரி 27 அமெரிக்கச் செய்தியாளர் வால்டர் க்ராங்கைட்டின் தொலைக்காட்சி உரை, மார்ச் 10 வெளியான, அமெரிக்க ராணுவத்தின் 2,06,000 கூடுதல் படையினர் கோரிக்கைச் செய்தி, மார்ச் 31 அமெரிக்க அதிபர் ஜான்சன் மீண்டும் போட்டியிட மறுத்த அறிவிப்பு எல்லாம் இந்த இரண்டாவது வரிசையில் வரும். ஜான்சன் பேசத் தொடங்கியது வாஷிங்டனில் இரவு 9 மணிக்கு. சைகோன் பத்தியில் அதை ஏப்ரல் 1 காலை 10 மணி என்று எழுதுங்கள்.