இரத்தசோகை முற்றிய பூனையை வீட்டில் பராமரிப்பது எப்படி?

பூனைக்கு இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் பலருக்கும் இரும்புச்சத்து டானிக், பீட்ரூட், முருங்கைக்கீரை என்று மனிதர்களுக்கான வைத்தியம்தான் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். பூனைகளின் இரத்தசோகையில் பெரும்பகுதி இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. மனிதர்களுக்கான இரும்பு மருந்து அளவு மீறினால் பூனைக்கு நஞ்சாகிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து தருவது மருத்துவரின் வேலை. அந்த மருந்து வேலை செய்யும் வரை பூனையைக் களைப்படையாமலும் பட்டினி கிடக்காமலும் காப்பது நம் வேலை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

படி 1: அறிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

இரத்த அறிக்கையில் பிசிவி அல்லது ஹெமட்டோக்ரிட் என்று ஓர் எண் இருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதை அது சொல்கிறது. நலமாக உள்ள பூனைக்கு இது ஏறத்தாழ 25 முதல் 45 வரை இருக்கும். 15-க்குக் கீழே இறங்கினால் நிலைமை கடுமையானது. ஆனால் எண்ணை மட்டும் வைத்து அஞ்சவோ ஆறுதல் அடையவோ வேண்டாம். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்திருந்தால் 15-லும் பூனை எழுந்து நடமாடும். ஒரே நாளில் குறைந்திருந்தால் 20-லேயே சுருண்டுவிடலாம்.

அடுத்து, எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்குகிறதா என்று கேளுங்கள். ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை இதைக் காட்டும். உண்டாக்குகிறது என்றால், இரத்தம் எங்கோ கசிகிறது அல்லது அணுக்கள் உடலுக்குள்ளேயே சிதைகின்றன: தெள்ளுப்பூச்சி, கொக்கிப்புழு, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், வெங்காயம் போன்ற நஞ்சு. உண்டாக்கவில்லை என்றால் சிறுநீரகக் கோளாறு, பூனை லுகேமியா வைரஸ் போன்றவற்றைத் தேடுவார்கள். மஜ்ஜை விழித்துக்கொண்டதை இரத்தத்தில் பார்க்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் முதல் நாள் அறிக்கையே முடிவான பதில் ஆகாது.

படி 2: அலைச்சல் இல்லாத ஓர் இடம்

இரத்தம் குறைந்த பூனைக்கு ஒவ்வோர் அடியும் செலவுதான். ஒரு சிறிய அறையை ஒதுக்குங்கள். படுக்கை, தண்ணீர், உணவு, மணல் தட்டு எல்லாம் சில அடி தூரத்துக்குள் இருக்கட்டும். தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். மேலே தாவும் அலமாரி, ஜன்னல் திண்டு ஆகியவற்றை மூடிவிடுங்கள். பாதித் தாவலில் மயங்கி விழுந்த பூனைகள் உண்டு.

உடல் எளிதில் குளிர்ந்துவிடும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் படுக்கையின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளட்டும். குளிப்பாட்ட வேண்டாம். மணலையோ சுவரையோ நக்கித் தின்கிறதா என்று பாருங்கள். இரத்தசோகையில் இந்தப் பழக்கம் வருவதுண்டு. அப்படியென்றால் கட்டியாக இறுகும் மணலை எடுத்துவிட்டுக் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள்.

படி 3: தினமும் காலை, மாலை ஒரு குறிப்பு

ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள், கவலையில் இருக்கும்போது நேற்றும் இன்றும் கலந்துவிடும்.

*மூச்சு.* பூனை தூங்கும்போது மார்பு எழும்புவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. ஓய்வில் 40-ஐத் தாண்டினால் மருத்துவரை உடனே அழையுங்கள்.

*ஈறு.* மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர்ந்தால் இரத்தம் குறைவு, மஞ்சள் தட்டினால் அணுக்கள் சிதைகின்றன அல்லது கல்லீரல் சிரமப்படுகிறது. ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு ஈறில் கரும்புள்ளிகள் இருப்பது வழக்கம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈறு கருநிறமாக உள்ள பூனைக்கு நாக்கையோ கீழ் இமையின் உட்புறத்தையோ பாருங்கள். தினமும் ஒரே ஜன்னலருகே கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

*சிறுநீர், மலம்.* தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், தார் போன்ற கறுப்பு மலம் இரண்டும் அன்றே சொல்ல வேண்டிய செய்திகள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்வது, ஈறு காகிதம்போல வெளுப்பது, மயக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடு இரவானாலும் கிளம்புங்கள். கூடையைத் துணியால் மூடி, ஆட்டாமல் கொண்டுபோங்கள். பிடிக்கும்போது போராடவிட்டால் அந்தப் போராட்டமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

படி 4: உணவு

எனக்குத் தெரிந்தவரை வீட்டுப் பராமரிப்பில் மிகவும் கடினமானதும் மிகவும் பயன் தருவதும் இதுதான். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறொரு நோய் தொடங்கிவிடலாம். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. ஈர உணவுப் பாக்கெட்டின் பின்புறத்தில் கலோரி அளவு இருக்கும். கணக்கிட்டு, ஐந்து ஆறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும். பூனை மூக்கால்தான் முதலில் சாப்பிடுகிறது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முள் நீக்கிய மீன், அவற்றின் வேகவைத்த நீர் எல்லாம் ஆசையைத் தூண்டும். சாப்பிடாத தட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கண்முன்னே கிடக்கும் பழைய உணவு குமட்டலைத்தான் கூட்டும்.

மீன்குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும் பொடியாக இருந்தாலும், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நலமான பூனைக்கே ஆகாத ஒன்று, இரத்தம் குறைந்த பூனைக்கு எப்படி ஆகும்?

தானாகச் சாப்பிடாவிட்டால், பசியைத் தூண்டும் மருந்தையும் குமட்டலை அடக்கும் மருந்தையும் பற்றி முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சிரிஞ்சில் ஊட்டச் சொன்னால், ஊசி இல்லாத சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் வாயின் ஓரமாக வைத்து, அரை மில்லி தள்ளி, விழுங்கும் வரை காத்திருங்கள். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், உணவு நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு வாங்கும் பூனைக்குச் சிரிஞ்சில் ஊட்டவே கூடாது. பல நாள் ஊட்ட வேண்டியிருந்தால் உணவு செலுத்தும் குழாய் பொருத்துவது கொடுமை அல்ல. தினமும் மல்லுக்கட்டுவதைவிடப் பூனைக்கு அது எவ்வளவோ நிம்மதி.

படி 5: மருந்து

மைக்கோபிளாஸ்மாவுக்குப் பொதுவாக டாக்ஸிசைக்ளின் தருவார்கள். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். கொடுத்தவுடன் 5 முதல் 6 மில்லி தண்ணீரோ சிறிது உணவோ உள்ளே போக வேண்டும். பாலோடு கொடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது. பூனை தெளிவடைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதியிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு காரணமென்றால், இரத்த உற்பத்தியைத் தூண்டும் ஊசியும், அதனுடன் இரும்பு ஊசியும் தரலாம். இரும்புக்கு இடமுள்ள சில நிலைகளில் இது ஒன்று, அதுவும் மருத்துவர் கையால்.

பாராசிட்டமால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்து ஒருவர் கொடுக்கும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். தவறிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, நேரம்தான் குறைவு.

படி 6: தெள்ளுப்பூச்சி

ரோமத்தில் உள்ள கறுப்புத் துகளை எடுத்து ஈரமான வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் இரத்தம். குட்டிகள் இதனாலேயே இறந்துபோகின்றன. நெருக்கமான சீப்பால் சீவிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய்க்கான சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும்.

படி 7: இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால்

பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று இரத்த வகைகள் உண்டு. எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பொதுவகை கிடையாது. பி வகைப் பூனைக்குச் சிறிதளவு ஏ வகை இரத்தம் ஏற்றினாலும் உயிர் போகலாம். அதனால் முதல் முறையே என்றாலும் வகை பார்த்தே ஏற்ற வேண்டும். வகைப் பரிசோதனை வசதி எங்கே உண்டு என்று நெருக்கடிக்கு முன்பே கேட்டு வையுங்கள். சென்னையில் வேப்பேரி, மற்ற ஊர்களில் அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். இரத்தம் தரும் பூனை 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே வளரும், வைரஸ் பரிசோதனை முடிந்த இளம்பூனையாக இருக்க வேண்டும்.

படி 8: மறுபரிசோதனை

கடுமையான நிலையில் முதலில் சில நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை பிசிவி பார்ப்பார்கள். ஈறு சற்றுச் சிவந்ததை வைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பூனையின் சிவப்பணு ஏறத்தாழ 70 நாள் வாழ்கிறது. மஜ்ஜை இழந்ததை நிரப்ப வாரங்கள் எடுக்கும்.

எண் ஏறாமலே இருந்தால், உங்கள் நோட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இனி என்ன சிகிச்சை மிச்சமிருக்கிறது, அதனால் எவ்வளவு காலம், அந்தக் காலத்தில் பூனை எப்படி இருக்கும்? தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிறதா, நீங்கள் வரும்போது தலை தூக்குகிறதா, விரும்பிச் சாப்பிடுகிறதா என்று தினமும் ஒரு வரி எழுதியிருந்தால், நோவில்லாமல் விடைகொடுப்பதா என்ற பேச்சு வரும்போது மருத்துவருக்கும் உங்களுக்கும் அந்த வரிகளே கையில் இருக்கும்.