படபடப்பை வாய்வு என்று தள்ளிவிடாதீர்கள்

பாலக்கோட்டில் என் அத்தை புளி தட்டிக்கொண்டிருந்தவர், சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "உள்ளே கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்குதுப்பா" என்றார். சோடா வாங்கிக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் அடங்கியது. வாய்வு என்று விட்டுவிட்டோம். இப்படியே மூன்று முறை. நான்காம் முறை, படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்ததில்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு என்று தெரிந்தது.

படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்காமல் விட்டதுதான் நாங்கள் செய்த தவறு. ஈசிஜி சில நொடித் துடிப்பைத்தான் பதியும். அடங்கிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். அந்தத் தாளை நம்பி இருந்துவிடாதீர்கள். வந்து வந்து போகிறதென்றால், 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் ஹோல்டர் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லாப் படபடப்பும் ஒன்றல்ல. ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது 'திடும்' என்று விழுவது பலருக்கும் வரும்; பெரும்பாலும் ஆபத்தில்லை. சுவிட்ச் போட்டதுபோல் துடிப்பு நிமிடத்துக்கு 150-க்கு மேல் ஏறி, அதேபோல் சட்டென்று நிற்பது பெரும்பாலும் எஸ்விடி என்ற இதயத்துடிப்புக் கோளாறு. இளம்பெண்களுக்கு வந்தால் "பயந்துட்டா" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். மனசு வருத்தமாக இருக்கிறது, நல்ல சிகிச்சை இருக்கிற நோய் அது. வயதானவர்களுக்கு நாடி 40-க்கு இறங்கித் தலை சுற்றினால், வயசுக் கோளாறு என்று விடக்கூடாது, துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார்கள். நாமோ மெஷினில் இரண்டு எண்ணை மட்டும் பார்க்கிறோம். மூன்றாவது எண் நாடித்துடிப்பு. ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்கலாம். ஆனால் சீராக அடிக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சீராக அடிக்கிறதா என்று கவனித்தபடி ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.

எனக்கு மிகவும் பயமூட்டுவது, படபடப்பு நின்றதும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்துவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. மாத்திரை அதற்குத்தான், படபடப்புக்கு அல்ல. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீரை அதன் வேலையைக் குறைக்கும் என்று பயந்து கீரையை அடியோடு விட வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துக்கொண்டால் போதும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்காதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108. ஆள் சரிந்து மூச்சில்லாமல் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். நடுநெஞ்சில் இரு கையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.