‘கேன்’ என்று சொன்னது ‘கான்ட்’ என்று விழுந்தது ஏன்? துணைவினைகளைப் பழகும்போது செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி தொலைபேசி நேர்காணலில் ஓர் அமெரிக்கரிடம் “ஐ கேன் வொர்க் நைட் ஷிப்ட்” என்றாள். ‘கேன்’ என்பதை அழுத்திச் சொன்னாள். இரவு வேலை முடியாது என்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். “தெளிவாகத்தானே சொன்னேன், மிஸ்?” என்று மறுநாள் கண் கலங்கக் கேட்டாள்.

அந்தத் தெளிவுதான் சிக்கல். அமெரிக்கர் பேச்சில் ‘கான்ட்’ என்பது ‘கேன்ட்’ போல ஒலிக்கும்; கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் அவர்கள் காது ‘ட்’டுக்காகக் காத்திருப்பதில்லை, சொல்லின் கனத்தைப் பார்க்கிறது. மெலிந்து ‘க்ன்’ என்று ஓடினால் முடியும். உயிரொலி முழுதாகக் கனத்து நின்றால் முடியாது. வினைக்கு முன்னால் வரும் ‘கேன்’ மெலிய வேண்டும், எதிர்மறை ஒருபோதும் மெலியாது. வேறு எதைப் பழகாவிட்டாலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மெலிப்பது அரைகுறைப் பேச்சு என்று கூச்சப்படுவது முதல் தவறு. ‘பசு’ என்று சொல்லிப் பாருங்கள், பிறகு ‘காசு’ என்று சொல்லுங்கள். ‘காசு’வின் கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை; அது அரை மாத்திரைதான். அதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு இலக்கணத்தில் வைத்திருக்கிறோம், சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத் துணைவினைகளின் மெலிவும் அப்படி அந்த மொழியின் முறைதான்.

மெலிந்த இடத்தில் வருவது பெரும்பாலும் ‘ஷ்வா’ என்னும் ஒலி. வாயை அதிகம் திறக்காமல், உதட்டைக் குவிக்காமல், நாக்கை நடுவில் ஓய்வாக விட்டால் அது எழும். தமிழில் இதற்கு எழுத்து கிடையாது. நோட்டில் ‘கன்’, ‘வஸ்’ என்று எழுதிக்கொண்டு முழு அகரமாக வாசிப்பவர்கள் ஒரு தவறிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள். காதால்தான் பிடிக்க வேண்டும்.

வாய்ப்பாடு போல வலிய வடிவம், மெலிந்த வடிவம் என்று பட்டியல் போட்டு ஒப்பிப்பது இன்னும் பெரிய தவறு. ஒரு சொல்லைத் தனியாகச் சொன்னால் அது வலிய வடிவமாகத்தான் வரும். வாக்கியத்துக்குள் மட்டுமே அது மெலியும். அதற்குத் தாளம் வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தாளத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, கானா பாடி மேசையில் தட்டிப் பழகிய விரல்கள் அவை. “வீ கேன் பை ஃபிஷ் இன் காசிமேடு” என்று தட்டச் சொல்வேன். ‘பை’, ‘ஃபிஷ்’, ‘காசிமேடு’ என்று மூன்று தட்டு. அடுத்து “வீ குட் ஹேவ் பாட் த ஃபிஷ் இன் காசிமேடு”. சொற்கள் கூடின, தட்டு அதே மூன்றுதான். ‘குட் ஹேவ்’ இரண்டும் ‘குடவ்’ என்று ஒடுங்கி வழிவிட்டால்தான் தாளம் தப்பாது. இந்த ‘அவ்’ ஒலியை ‘ஆஃப்’ என்று நினைத்து அப்படியே எழுதுவதும் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்யும் பிழை இது.

ஒரு வாரம் பழகியதும் சிலர் கண்ட இடத்திலெல்லாம் மெலிக்கத் தொடங்குவார்கள். வாக்கியத்தின் கடைசியில் துணைவினை மெலியாது. “யெஸ், ஐ கேன்” என்பதில் ‘கேன்’ முழுதாக ஒலிக்க வேண்டும். “ஐ நோ வேர் ஹீ இஸ்” என்பதை ‘ஹீஸ்’ என்று சுருக்கி முடித்தால் வாக்கியமே முறிந்துபோகும். மறுத்துப் பேசும்போதும் வலிமை வேண்டும்: நேற்று நீ வரவில்லையே என்று ஒருவர் சொன்னால், “ஐ வாஸ் தேர்!” என்பதில் ‘வாஸ்’ கனக்கும்.

‘ஹேவ்’ முதன்மை வினையாக வந்து உடைமையைக் குறித்தால் அதையும் தொடாதீர்கள். “ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்” என்பதில் ஹகரம் போகக் கூடாது. “ஐ ஹேவ் ஃபினிஷ்ட்” என்பது ‘ஐவ் ஃபினிஷ்ட்’ ஆகலாம். ‘மே’, ‘மைட்’ இரண்டுக்கும் மெலிந்த வடிவமே கிடையாது.

நம் ஊருக்குள் பேச இத்தனையும் தேவையா என்று பெற்றோர் கேட்பார்கள். ‘கேன்’ ஒன்றைத் தவிர மற்றவற்றை வலித்துச் சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் எதிரில் பேசுபவர் மெலிப்பார், அதைப் பிடிக்கத் தெரியாத காது பாதி வாக்கியத்தை இழக்கும். அதனால் பேசுவதற்கு முன் கேட்கச் சொல்கிறேன். ஆங்கிலச் செய்தியில் ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, காதில் விழுந்ததை எழுதுங்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட துணைவினைகளைச் சிவப்பு மையில் சேர்த்துவிட்டு, அதே நிமிடத்தை மறுபடியும் கேளுங்கள்.