அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல வழக்கமா பண்ற தப்புங்க

ஃப்ளாட் வாங்குறப்போ டைல்ஸ் கலருக்கு பில்டர்கிட்ட மூணு வாரம் மல்லுக்கட்டுறவங்க கூட, அந்த பில்டிங்ல அசோசியேஷன் ரிஜிஸ்டர் ஆகியிருக்கா, பைலா, அதாவது சங்கத்தோட விதிமுறை புக், யாருகிட்ட இருக்கு, பெரிய செலவுக்குன்னு நாம மொத்தமா கட்டுன கார்பஸ் ஃபண்ட் யார் பேர்ல எந்த பேங்க்ல கிடக்குதுன்னு கேக்குறதே இல்ல. குடிவந்து ஒரு வருஷம் கழிச்சு லிஃப்ட் நின்னா தான் அதெல்லாம் ஞாபகம் வருது. தமிழ்நாட்டு அபார்ட்மெண்ட்ல நடக்குற சண்டையில பாதிக்கு மேல, எழுத்துல இருக்க வேண்டிய விஷயத்தை வாய்ப்பேச்சுல முடிச்சுக்கிட்டதால வர்றது தான்.

முதல் தப்பு, வாட்சாப் குரூப்பையே அசோசியேஷன்னு நினைச்சுக்கிறது. குரூப்ல தம்ஸ் அப் போட்டா அது தீர்மானம் ஆகாது. நம்ம ஊர்ல பெரும்பாலான அசோசியேஷன் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல ரிஜிஸ்டர் ஆனது, அதுபடி வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு கூட்டணும், கணக்கை ஆடிட் பண்ணணும், கமிட்டி மாறுனா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஃபைல் பண்ணணும். ஃப்ளாட்டுக்குன்னே இருந்த 1994 சட்டத்துக்கு பதிலா இப்போ 2022 அபார்ட்மெண்ட் ஓனர்ஷிப் சட்டம் வந்திருக்கு, பழைய பில்டிங்ல இருக்கிறவங்க அதை கட்டாயம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா இடிச்சுக் கட்டணும்னா முன்னாடி ஒருத்தர் முரண்டு பிடிச்சாலே எல்லாம் நின்னுடும், இப்போ மூணுல ரெண்டு பங்கு ஓனர்ஸ் சம்மதிச்சா போதும். அந்த சம்மதமும் எழுத்துல இருக்கணும், "அன்னைக்கு மீட்டிங்ல தலையாட்டுனாரே"ன்னு எல்லாம் சொல்லிட்டு இருக்க முடியாது.

ரெண்டாவது தான் ரொம்ப காஸ்ட்லியான தப்பு, ஹேண்ட்ஓவர். பில்டர் கிளம்புற அவசரத்துல ஒரு சாவிக்கொத்தையும் ஒரு பேப்பரையும் நீட்டுவார், பேப்பர்ல "எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்"னு இருக்கும், புது கமிட்டி சந்தோஷத்துல கையெழுத்து போட்டுடும். அப்ரூவ்டு பிளான், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், ஸ்ட்ரக்சுரல் டிராயிங், பிளம்பிங் லைன் எந்த சுவத்துக்குள்ள போகுதுன்னு காட்டுற டிராயிங், லிஃப்ட் லைசன்ஸ், மோட்டார் ஜெனரேட்டர் வாரண்டி கார்டு, எஸ்டிபி, அதாவது கழிவுநீரை சுத்தம் பண்ற பிளான்ட், இருந்தா அதை ஓட்டுற முறை, இதெல்லாம் லிஸ்ட் போட்டு ஒண்ணொண்ணா டிக் பண்ணி வாங்கணும். டிராயிங் இல்லாம சுவத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற பைப்ல லீக் தேடுனா எத்தனை சுவத்தை உடைக்கணும்னு பிளம்பரையே கேட்டுப் பாருங்க.

வீடு வாங்குறவங்களைப் பாதுகாக்குற ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இதுல நமக்கு நிறைய கொடுத்திருக்கு, யூஸ் பண்ணத் தான் ஆளில்ல. 14(3) பிரிவுப்படி பொசஷன் கொடுத்த 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரத்துல குறையோ இருந்து நாம தெரிவிச்சா, பில்டர் 30 நாளுக்குள்ள செலவு வாங்காம சரி பண்ணணும். மொட்டை மாடி ஒழுகுது, பேஸ்மெண்ட்ல தண்ணி நிக்குதுன்னா சைட் இன்ஜினியருக்கு ஃபோன் போட்டு புலம்பிட்டு விட்டுடாதீங்க. ஃபோட்டோவோட மெயில் போடுங்க, ரிஜிஸ்டர் தபால்லயும் ஒண்ணு அனுப்புங்க. அஞ்சாவது வருஷம் முடியிறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரை கூட்டிட்டு வந்து பில்டிங் முழுக்க சுத்திப் பார்த்து ஒரே லெட்டரா எழுதிக் கொடுக்குற அசோசியேஷன் ரொம்ப கம்மி, ஆனா செய்றவங்க புத்திசாலிங்க.

பார்க்கிங்கும் மொட்டை மாடியும் இதே கதை தான். "அந்த ஓப்பன் இடத்தை பில்டர் எனக்குன்னு சொல்லிட்டார், தனியா காசும் கொடுத்தேன்"னு ஒருத்தர் சொல்வார். ரெராவுல ஓப்பன் பார்க்கிங், பொது மொட்டை மாடி எல்லாம் காமன் ஏரியா, அதை ஒருத்தருக்கு தனியா வித்துட்டுப் போக பில்டருக்கு உரிமை இல்ல. பாவம் அவர் காசு கொடுத்திருப்பார், அதுக்கு அவர் பில்டரை தான் பிடிக்கணும், பக்கத்து வீட்டுக்காரரோட டயர்ல காத்தை இறக்கி பிரயோஜனம் இல்ல. யாருக்கு எந்த ஸ்லாட்னு நம்பர் போட்டு ஒரு பிளான் வரைஞ்சு பொதுக்குழுவுல பாஸ் பண்ணி மினிட்ஸ் புக்ல ஒட்டிடுங்க.

இப்போ பணம். மெயின்டனன்ஸ் காசு செகரட்டரியோட பர்சனல் ஜிபே நம்பருக்குப் போற பில்டிங் இன்னும் எத்தனையோ இருக்கு. அவர் தங்கமான மனுஷனா இருக்கலாம், ஆனா அந்தக் காசு அவர் அக்கவுண்ட்ல வருமானம் மாதிரி தெரியும், அவருக்கு ஏதாவது ஆயிட்டா மொத்தமும் முடங்கிடும். அசோசியேஷன் பேர்ல பான் கார்டு எடுத்து, ரெண்டு பேர் கையெழுத்து போட்டா தான் பணம் வெளிய போகும்ங்கிற மாதிரி அக்கவுண்ட் ஓப்பன் பண்ணணும். கார்பஸை எஃப்டில போட்டா வட்டிக்கு டாக்ஸ் இல்லைன்னு பல ட்ரெஷரர் நம்பிட்டு இருக்காங்க, நம்ம காசு நமக்கே திரும்பி வருதுங்கிற வாதம் மெம்பர்ஸ் கொடுக்குற மெயின்டனன்ஸுக்கு செல்லும், பேங்க் கொடுக்குற எஃப்டி வட்டிக்கு செல்லாதுன்னு 2013லயே பெங்களூர் கிளப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

மாசக் கணக்கை எப்படி காட்டுறாங்கன்னு பாருங்க. வாட்ச்மேன் சம்பளம், ஹவுஸ்கீப்பிங், ஈபி, தண்ணி லாரி, லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்)ன்னு அஞ்சு வரி, கடைசியா "இதர செலவு 18,400"ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரியில தான் அடுத்த மீட்டிங் சண்டை முழுக்க உக்காந்திருக்கு. அதையே, ரெண்டாவது மோட்டார் காயில் கட்டுனது 7,200, கேட் வெல்டிங் 3,500, சம்ப் கிளீனிங் 4,000, மாடிப்படி லைட்டும் சுவிட்சும் 3,700ன்னு பிரிச்சு பில்லு ஃபோட்டோவோட போட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. திறந்தாலும் "வெல்டிங்குக்கு 3,500ஆ"ன்னு ஒருத்தர் கேப்பார், கேக்கட்டும், அடுத்த தடவை கொட்டேஷன் வாங்குற வேலையை அவர்கிட்டயே கொடுத்துடுங்க.

மெயின்டனன்ஸை குறைச்சு வச்சு நல்ல பேர் வாங்குறது கமிட்டி பண்ற இன்னொரு தப்பு. உதாரணத்துக்கு 20 ஃப்ளாட், ஆளுக்கு 3,000ன்னு வச்சுக்கோங்க, மாசம் 60,000 வருது, அதுல செலவு 58,000 ஆயிடுது. நாலஞ்சு வருஷம் நல்லா தான் ஓடும், திடீர்னு வெளிப்பூச்சும் பெயிண்டிங்கும் பண்ணணும், லிஃப்ட்ல ரோப் மாத்தணும்னு வரும், அப்போ வீட்டுக்கு 40,000 கொண்டாங்கன்னு சொன்னா எவ்வளவு பேர் கொடுப்பாங்க? கார்பஸை எடுத்து தினசரி செலவு பண்றது இதை விட மோசம். கார்பஸ் வேற, மாசக் காசு வேற, ரெண்டும் ஒரே அக்கவுண்ட்ல கலந்து கிடந்தா எது எவ்வளவுன்னு ட்ரெஷரருக்கே தெரியாது.

ஜிஎஸ்டி விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒரு வீட்டுக்கு மாசம் 7,500 வரைக்கும் மெயின்டனன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதைத் தாண்டி அசோசியேஷனோட வருஷ வரவும் 20 லட்சத்தைத் தாண்டுனா தான் 18 சதவீதம் பேச்சே வரும். 7,500க்கு மேல இருக்கிற தொகைக்கு மட்டும் தான் வரி, முழுசுக்கும் இல்லைன்னு 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு. சின்ன பில்டிங்காரங்க இதை நினைச்சு பயப்படவே வேண்டாம். அவங்க பார்க்க வேண்டியது மோட்டார், மாடிப்படி லைட் மாதிரி பொது உபயோகத்துக்கு இருக்கிற காமன் ஈபி மீட்டரை, 10 வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத பில்டிங்குக்கு 2023ல காமன் சர்வீஸ் ரேட்டை யூனிட்டுக்கு 8.15லிருந்து 5.50க்கு குறைச்சாங்க. அப்புறம் ரேட் எல்லாம் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா உங்க மீட்டர் அந்த கேட்டகரியில இருக்கான்னு ஈபி ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுடுங்க.

அடுத்த தப்பு, மெயின்டனன்ஸ் காசு கட்டாதவங்க வீட்டுக்கு தண்ணி வால்வை மூடுறது. கேட்டா "அப்போ தான் வழிக்கு வருவாங்க"ம்பாங்க. கோவம் புரியுது, ஆனா தண்ணி அடிப்படைத் தேவை, அவர் போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போனா பாக்கி வச்ச அவரை விட்டுட்டு வால்வை மூடின நீங்க பதில் சொல்லிட்டு நிப்பீங்க. லேட்டானா எவ்வளவு வட்டின்னு பைலால எழுதி வச்சு, முறையா நோட்டீஸ் அனுப்பி, தேவைப்பட்டா வழக்கு போடுங்க. வீட்டை விக்கிறப்போ வாங்குறவர் பாக்கி எதுவும் இல்லைங்கிற நோ டியூஸ் லெட்டர் கேப்பார், பாதி பாக்கி அங்க தானா வசூல் ஆயிடும். வாங்குறவங்களும் அதைக் கேக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, இதுல விளையாட்டே கூடாது. செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சுன்னா வாட்ச்மேன்கிட்ட "யாரையாவது கூட்டிட்டு வந்து முடிச்சுடுப்பா"ன்னு சொல்றது. மனுஷனை உள்ள இறக்குறது, கையால மலம் அள்ளுறதைத் தடை பண்ற 2013 சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. இப்படி உயிர் போனா குடும்பத்துக்கு நஷ்ட ஈடு 30 லட்சம்னு சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல உயர்த்தியிருக்கு. காசை விடுங்க, ஒரு உயிருங்க அது, விஷவாயு ரெண்டு மூச்சுல ஆளை சாய்ச்சுடும், காப்பாத்த இறங்குறவரும் அதோட போயிடுவார். இயந்திர லாரி வச்சு மட்டும் தான் எடுக்கணும், கான்ட்ராக்ட்ல அந்த வரி இருக்கணும், எடுக்குறப்போ கமிட்டி ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

வாடகைக்கு இருக்கிறவங்களை லிஃப்ட்ல போகாதே, நாய் வளர்க்காதேன்னு போர்டு மாட்டுறதெல்லாம் வீண் வம்பு. வளர்ப்பு நாயை மெஜாரிட்டி ஓட்டு போட்டு கூட தடை பண்ண முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015லயே சொல்லியிருக்கு. அசிங்கம் பண்ணா சுத்தம் பண்ணணும், கயிறு கட்டி கூட்டிட்டுப் போகணும், அதோட விடுங்க.

கடைசியா கமிட்டி மாறுற நாள். பழைய செகரட்டரி மினிட்ஸ் புக், பேங்க் செக் புக், சிசிடிவி பாஸ்வேர்டு, ஏஎம்சி பேப்பர், மெயில் ஐடி எல்லாம் கையெழுத்து வாங்கிட்டு ஒப்படைக்கணும், அதே வாரத்துல பேங்க்ல கையெழுத்து போடுற ஆளை மாத்தணும். அதை விட்டுட்டா, லிஃப்ட்காரனுக்கு செக் கொடுக்க வேண்டிய அன்னைக்கு, பொண்ணு வீட்டுக்கு சிங்கப்பூர் போயிட்ட பழைய ட்ரெஷரர் எப்போ திரும்பி வருவார்னு அவர் வீட்டு வாட்ச்மேனை கேட்டுட்டு இருக்க வேண்டியது தான்.