கடல்நீரை வெயிலைக் கொண்டு குடிநீராக்கும் முறை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. துணியில் வடிகட்டினாலும் படிகாரம் போட்டுத் தெளியவைத்தாலும் அது நீங்காது. கொதிக்கவைத்தால் நீர் வற்றி, கரிப்பு கூடவே செய்யும். வீட்டு ஆர்.ஓ. கருவியும் இதற்குப் பயன்படாது. சென்னைக்கு அருகே மீஞ்சூர், நெம்மேலியில் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் போல, உப்பைத் தடுக்கும் சவ்வின் வழியே கடல்நீரைச் செலுத்த, காற்றழுத்தத்தைப் போல் 50 மடங்குக்கும் மேலான அழுத்தம் தரும் பம்புகள் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது வெயிலில் ஆவியாக்கிக் குளிரவைப்பதே. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872இல் அமைந்த கண்ணாடிக் கூரைத் தொட்டிகள், உப்பு நீரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கும் மேல் நன்னீர் தந்தன.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள, ஆழம் குறைந்த தொட்டி ஒன்றைச் செய்து, உட்புறத்தைக் கறுப்பாக்கி, அடியில் வெப்பம் கசியாதபடி தெர்மாகோல் வையுங்கள். மேலே கண்ணாடியைச் சரிவாகப் பொருத்துங்கள். தமிழ்நாட்டில் அதன் தாழ்ந்த பக்கம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் உள்விளிம்பில், கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி குளிர்ந்து வழிந்துவரும் நீரை ஏந்த ஒரு சிறு வாய்க்காலும், அதிலிருந்து வெளியே பாத்திரத்துக்கு ஒரு குழாயும் அமையுங்கள். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: கண்ணாடியில் நீர் படலமாகப் பரவி வழியும், பிளாஸ்டிக்கிலோ முத்து முத்தாகத் திரண்டு மீண்டும் தொட்டிக்குள்ளேயே சொட்டிவிடும்.

விளைச்சலைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது, இடுக்குகளைச் சிலிக்கான் பசையால் முழுவதும் அடைப்பது. சிறு துளை இருந்தாலும் ஆவி தப்பிவிடும். இரண்டாவது, நீரின் ஆழம். 2 சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றினால் நீர் சூடேறுவதற்குள்ளேயே பாதிப் பகல் போய்விடும். நல்ல வெயிலில் இந்த அளவுத் தொட்டி நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை தரும். ஒருவருடைய குடிநீருக்கு அது போதும்.

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய நீரை எடுக்காதீர்கள். டீசல் போன்றவை ஆவியோடு சேர்ந்தே வந்துவிடும். கறுப்புப் பூச்சின் வாடை நீங்கும்வரை, முதல் சில நாள் கிடைக்கும் நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, எஞ்சிய உவர்நீரை வெளியேற்றிப் புதுநீர் ஊற்றுங்கள். இல்லையேல் அடியில் உப்புப் படிந்து, கறுப்புப் பரப்பை வெண்மையாக்கி, வெயிலைத் திருப்பியனுப்பிவிடும்.