பழைய கேமராவும் புது மெமரி கார்டும்

பல வருடமாக அலமாரியில் கிடந்த என் குட்டி டிஜிட்டல் கேமராவை எடுத்து, பேட்டரியை சார்ஜ் செய்து ஆன் பண்ணினேன். லென்ஸ் அதே பழைய சத்தத்தோடு வெளியே வந்தது. மனசு நிறைந்துபோனது. அடுத்த நொடியே திரையில் 'கார்டு பிழை'.

போட்டிருந்தது 32 ஜிபி கார்டு. கணினியில் அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டு முறை ஃபார்மேட் செய்தேன், கார்டின் தங்கநிறப் பட்டைகளைத் துடைத்தேன், பயனில்லை. அப்புறம்தான் அதன் மேலிருந்த எழுத்துகளைக் கவனித்தேன்: எஸ்டிஎச்சி, அதாவது அதிகக் கொள்ளளவு எஸ்டி மெமரி கார்டு. அந்த வகை 2006-இல் வந்தது. என் கேமரா அதற்கு முந்தையது. பழைய எஸ்டி கார்டு பொதுவாக 2 ஜிபி வரைதான். இரண்டும் பார்க்க ஒரே வடிவம், ஆனால் தகவல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் முறையே வேறு. எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அது மாறாது.

ஒரு 2 ஜிபி கார்டைத் தேடிப்பிடித்து, கேமரா மெனுவிலேயே ஃபார்மேட் செய்தேன். சரியாகிவிட்டது! படம் ஒன்று சுமார் 2 எம்பி என்பதால் ஆயிரம் படம்வரை கொள்ளும். எனக்கு அது தாராளம்.

தேதி அடிக்கடி அழிந்ததும் ஒரு தொல்லை. நேரத்தைக் காக்கும் உள்செல் வற்றியிருந்தது. என் மாடலில் அது பெரிய பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஆகும். முழு சார்ஜில் ஒரு நாள் அப்படியே விட்டேன், தேதி நின்றுவிட்டது.

வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) ஏற்றுவதில்லை; ஏற்றினால் படத்தில் புள்ளிகள் விழும். கேமரா அசையாதபடி மேசைமேல் வைத்து 2 விநாடி டைமரில் எடுக்கிறேன். நிழலில்கூடப் புள்ளிகள் தெரிவதில்லை.